காலிப் பையின் எடை

...ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதைத்தான் இவள் சொன்னாள், வேறென்ன சொல்லிவிட்டாள், உள்ளதைத்தானே சொன்னாள், அதற்குப் போய்ப் பேச்சின் நடுவில் பட்டென்று போனை வைத்துவிட வேண்டுமா, கூடப் பிறந்தவள் என்ற நினைப்பாவது வேண்டாமா, வேண்டாத விருந்தாளியின் முகத்தில் கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிட்டாளே அக்கா... ஆராய்ச்சிப் பண்ணையின் உலர்த்து ஓவன் கதவை இழுத்ததும் சூடு முகத்தில் அறைந்தது, காய்ந்த புல்லின் வாடை மூக்கில் ஏறியது, மதியம் இரண்டேகால், உள்ளே நான்கு தட்டுகளில் நாற்பத்தெட்டு காகிதப் பைகள், இரண்டு நாளாக அறுபத்தைந்து டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறவை, அவற்றுக்கும் தனக்கும் இன்றைக்குப் பெரிய வித்தியாசமில்லை என்று நினைத்துக்கொண்டாள். காலையில் பல் துலக்கி முடிக்குமுன்பே போன். புல் வளரவில்லையாம், வளர்ந்தாலும் தண்ணீராக இருக்கிறதாம், மாடு தின்றுவிட்டு மறுபடியும் கத்துகிறதாம், எல்லாவற்றுக்கும் காரணம் மரமாம், மரத்துக்குக் காரணம் இவளாம். "நீ சொன்னேன்னுதானேடி நட்டோம்." என்ன குரல் அது, பத்துப் பேரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதுபோல, "இனி ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு மரம் போகணும், இல்ல மாடு போகணும்." இவளும் விடவில்லை. "மாட்ட வேணா வித்துக்கோ, மரத்துல கைய வெச்சே, அப்புறம் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள், அதற்குப் பிறகுதான் அந்தப் பழமொழி. சொல்லியிருக்க வேண்டாமோ? ஏன் வேண்டாம், நன்றாகத்தான் சொன்னாள், இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தட்டை இழுத்து மேசையில் வைத்தாள், கையுறை போட மறந்து விரல் சுட்டது, அதற்கும் அக்காவைத்தான் திட்டினாள். ஐந்து வருடம், விளையாட்டா? பின்பக்கத்து வயலில் பாதிப் பாத்திகள் வெட்ட வெளியில், பாதிப் பாத்திகள் மர வரிசைகளுக்கு நடுவில், எல்லாவற்றிலும் ஒரே தீவனப் புல், ஒரே தண்ணீர், ஒரே எரு. மரத்தின் இலை மாட்டுக்கு, கிளை ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள், நடுவில் புல், ஒரே நிலத்தில் மூன்று. நிழல் விழுந்தால் புல் குறையுமா குறையாதா என்பதுதான் கேள்வி, குறையாது என்பது பதில், அந்தப் பதிலை யார் கண்டுபிடித்தது? மேலே ஏசி அறையில் இருக்கிறவர்களா? இந்தக் கை. வெயிலில் குத்துக்காலிட்டு, இரும்புச் சட்டத்தைப் புல்லில் வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, மொத்தத்தை நிறுத்து, அதில் சரியாக இருநூறு கிராம் நறுக்கிப் பையில் போட்டு இந்த ஓவனுக்குள் வைத்த கை. பச்சைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர், தண்ணீரைத் தின்று எந்த மாடும் பால் கறக்காது, ஆகையால் உலர்த்து, நிறு, மறுபடி உலர்த்து, மறுபடி நிறு, இனிமேல் குறையாது என்று தராசு சத்தியம் செய்யும்வரை நிறு, மிஞ்சுவதுதான் தீவனம். இதை அக்காவுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அவளோ கட்டுக் கணக்குப் பேசுகிறாள். "முன்னல்லாம் ஆளுக்கு ரெண்டு கட்டு போட்டா படுத்துடும். இப்ப மூணு போட்டாலும் தொட்டிய நக்கிட்டு நிக்குது." மாட்டை ஆள் என்பாள் அக்கா. கட்டு ஒரு அளவா? உன் கை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி, நீ மாமாமேல் கோபமாக இருந்தால் கட்டு பெரிதாகும், தூக்கம் வந்தால் சிறிதாகும், அதை வைத்துக்கொண்டு என்னோடு வாதாடுகிறாயா, ஒரு கிராம் பிசகாமல் நிறுக்கிறவளோடு?

இங்கே அவளுக்குப் பெயரே தராசக்கா. வயலில் வேலை செய்கிறவர்கள் வைத்தது, முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள், சம்பள நாளில் அறையைப் பெருக்குகிற பெண் "தராசக்கா கூட்டிப் பாத்தா ஒரு பைசா பிசகாது" என்று சிரிப்பாள், பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது, இப்போது ஆய்வாளரே மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஆய்வாளர்! அவரை நினைத்ததும் கோபம் அக்காவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் தாவியது, அதற்கென்ன, இன்றைக்கு எல்லோருக்கும் கொடுக்குமளவு இருக்கிறது. விவசாயிகளுக்கான கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறதாம், ஐந்தாம் வருடத்துக் கடைசி எண்கள் மட்டும் பாக்கியாம், மாலை ஐந்துக்குள் வேண்டுமாம், இரண்டு நாளாக மணிக்கொரு தரம் "நம்ம டேட்டா எப்ப வரும் மேடம்?" நம்ம! அட்டையில் அவர் படம், கையில் இரும்புச் சட்டம், சட்டையில் மடிப்புக் கலையாமல், அந்தச் சட்டத்தை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டார், தலைகீழாகப் பிடித்திருக்கிறார், சட்டத்துக்கு ஏது தலையும் காலும் என்று கேட்பவர்கள் அதை வைத்து ஒருநாள் புல் அறுத்துப் பார்க்கட்டும். உள்ளே கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், உதவி, அவ்வளவுதான். பெயர்கூட இல்லை, உதவி புரிந்தோர் என்ற சொல்லுக்குள் அவளும் ஓட்டுநரும் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவரும் ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கட்டும். எண் என்னுடையது. இருபத்திரண்டாயிரம் பிரதி போடப் போகிறார்கள், அத்தனை வீட்டிலும் என் எண்தான் போய் உட்காரப் போகிறது. அக்காவின் வீட்டில் மட்டும் அது சரிப்பட்டு வராதாம்!

ஒன்றாம் எண் பை, தராசில் வைத்தாள், எழுதினாள். இரண்டு. மூன்று. கை அதுபாட்டுக்குச் செய்தது, மனம் அக்காவின் கொட்டகையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மாமாவாவது வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லக் கூடாதா, அந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து அக்கா பேசும்போது கூரையைப் பார்க்கிறவர். மரம் நட்ட அன்றைக்கு அவர்தான் கேட்டார், "நெழலு விழுமேம்மா, புல்லு ஒத்துக்குமா?" இவள் சிரித்தாள், ஆமாம் சிரித்தாள், "மாமா, நாங்க ரெண்டு வருஷமா அளந்து வெச்சிருக்கோம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் குழி தோண்டப் போய்விட்டார். இரண்டரை வருடமாகிறது, மரம் நன்றாகத்தான் வந்தது, மூன்றாள் உயரம், மரத்தைக் குறை சொல்ல முடியாது, ஆறு மாடு, ஆறும் எலும்பும் தோலுமாக என்று போன மாதம் படம் அனுப்பினாள் அக்கா, அந்தப் படத்தை இவள் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. எருப் போட்டிருக்க மாட்டார்கள், நேரத்துக்கு அறுத்திருக்க மாட்டார்கள், முற்றவிட்டு அறுத்திருப்பார்கள், சொன்னால் கேட்டால்தானே, தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்... பதினேழாம் எண் பையைத் தராசில் வைக்கவில்லை, அறைந்தாள். அடிப்பக்கம் பிரிந்தது. காய்ந்த புல் மேசையிலும் தரையிலும் மடியிலும் பொலபொலவென்று கொட்டிற்று.

சனியனே என்று அவள் சொன்னது பையையா அக்காவையா தெரியாது. ஒரு பாத்தியின் கணக்குப் போயிற்று, இல்லை, போகவில்லை, தரையைக் காலையில்தான் துடைத்தார்கள், தூரிகையை எடுத்து ஒரு துளி விடாமல் தட்டில் கூட்டினால் ஆயிற்று, மண்டியிட்டுக் கூட்டினாள், மூட்டு வலித்தது, இலைத் துணுக்கை விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். தட்டோடு எழுந்தபோது கிழிந்த பை தராசின்மேலேயே கிடந்தது, எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருபத்துமூன்று. உள்ளே இன்னும் புல் இருக்கிறது என்று பையைத் தூக்கி உதறினாள், ஒன்றும் விழவில்லை, உள்ளே கை விட்டுத் துழாவினாள், மறுபடி வைத்தாள், இருபத்துமூன்று. தராசுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலித் தராசு, பூஜ்யம். நூறு கிராம் படிக்கல்லை வைத்தாள், நூறு. பையை வைத்தாள், இருபத்துமூன்று. பை பதினொன்றல்லவா? பையின் எடை பதினொரு கிராம், அது அவளுக்குத் தன் பிறந்த நாளைவிட நன்றாகத் தெரியும், கணினி அட்டவணையின் மேல் வரிசையில் மஞ்சள் கட்டத்தில் இருக்கிறது, பையோடு நிறுப்பதிலிருந்து பதினொன்றைக் கழித்தால் புல், பையிலிருந்து புல்லைக் கொட்டினால் இலை உதிர்ந்து வீணாகும் என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு, எங்கேயும் செய்வதுதான். அலமாரியைத் திறந்து புதுக் கட்டைப் பிரித்து ஒரு பையை எடுத்து வைத்தாள். இருபத்துநான்கு. அது காயாத பை, காகிதத்திலும் கொஞ்சம் ஈரம் இருக்கும், காய்ந்தால் இருபத்துமூன்றுதான். இன்னொன்று. இன்னொன்று. பத்துப் பை வைத்துப் பார்த்தாள், ஒன்றாவது பதினொன்றைக் காட்டாதா என்று.

பன்னிரண்டு கிராம் அப்படியென்ன பெரிய விஷயம், எல்லாப் பையிலும் அதே பன்னிரண்டுதானே, வெயில் புல்லிலும் கூடும், நிழல் புல்லிலும் கூடும், சமமாகத்தானே கூடும், இரண்டுக்கும் பொதுவான தப்பு ஒப்பிடும்போது கழிந்துபோகும் என்று அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள்... நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், நின்றுகொண்டு இதை யோசிக்க முடியாது. வெயில் புல், பையோடு எழுபத்துமூன்று, இவள் கணக்கில் அறுபத்திரண்டு, உண்மையில் ஐம்பது. நிழல் புல், பையோடு ஐம்பத்துமூன்று, இவள் கணக்கில் நாற்பத்திரண்டு, உண்மையில் முப்பது. முப்பது! நிழலில் வளர்ந்த புல்லில் தண்ணீர் அதிகம், காய்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தோடு பன்னிரண்டு கிராம் காகிதத்தையும் தீவனம் என்று எழுதி வைத்திருக்கிறாள். சட்டத்துக்குள் பச்சையாக நிறுக்கும்போது நிழல் புல்தான் அதிகம், அதோடு பெருக்கினால் நாற்பத்திரண்டு வெயிலுக்குச் சமமாகிவிடும், முப்பது ஆகாது. அக்கா "தண்ணியா இருக்குடி" என்றாளே. இருநூறு கிராமையும் இந்த அறையையும் ஓவனையும் அறியாத அக்கா, தொட்டியருகே நின்று ஒரு பிடி அள்ளிப் பார்த்தே சொன்னாளே. அவளுடைய ஆறு மாடும் இரண்டரை வருடமாகக் காகிதத்தைத் தின்று வந்திருக்கின்றன. கோபம் வந்தது, ஆனால் யார்மேல்? ஸ்டோர்காரன். அவன்தான், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், பை மாறினால் எடை மாறும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இரண்டாம் வருடம், ஆமாம், பழைய பை ஓட்டைப் பை, வயலிலேயே கிழிகிறது என்று சண்டை போட்டது யார்? "காகிதம்னா கிழியத்தான் செய்யும், இரும்புலயா பை தெக்க முடியும்?" என்று அவன் சிரித்ததற்குத் பண்ணைத் தலைவர்வரை போய் நின்று கெட்டிப் பை வாங்க வைத்தது யார்? இரட்டைக் காகிதம், மடித்து ஒட்டிய அடிப்பாகம், வந்த அன்றைக்கு ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டி, பாருங்கள், பை என்றால் இதுதான் பை என்று... கையில் எடுத்தவளுக்குக் கனமாகத் தெரியவில்லையா? தெரிந்தது. கனமாக இருந்ததைத்தானே காட்டிப் பெருமைப்பட்டாள்!

சரி, ஆய்வாளர். ஒரு விஞ்ஞானி இதைக் கவனிக்க வேண்டாமா, எண்ணை வாங்கி வாங்கிப் படம் வரைகிறார், முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் எல்லாப் பாத்தியும் துள்ளி எழுந்ததே, எப்படி என்று ஒருநாள் கேட்டாரா? கேட்டார். கேட்டது நினைவிருக்கிறது. இவள்தான் "வேர் புடிச்சிடுச்சு சார், ரெண்டாம் வருஷம் அப்படித்தான் இருக்கும்" என்றாள், அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முதல் வருடம் மரம் முழங்கால் உயரம், நிழலே இல்லை, அப்போது பழைய பை. மரம் நிழல் போட ஆரம்பித்த வருடம் புதுப் பை. இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன, யாராலும் பிரித்துப் பார்க்க முடியாதபடி. ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் பத்துக் காலிப் பையை உலர்த்தி நிறுத்துச் சராசரியை எழுது, இது இந்த அறையின் சட்டம், சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியது அவள், எழுதியதும் அவள். முதல் வருடத்துக் கோப்பை நகல் எடுத்துத் தலைப்பில் வருடத்தை மாற்றினாள், மஞ்சள் கட்டம் தானாக வந்தது, பதினொன்று, எப்போதும் பதினொன்றுதானே, பத்துப் பைக்காக ஒரு நாள் ஓவனை அடைப்பானேன் என்று... ஒவ்வொரு தாளின் அடியிலும் "சரிபார்த்தது", அதற்குப் பக்கத்தில் கையெழுத்து, வளைத்து வளைத்து, கடைசியில் ஒரு சுழி. அந்தச் சுழியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. கோபத்தை இறக்கி வைக்க ஊரெல்லாம் திண்டாடி அலைந்துவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறாள், உள்ளே விடவும் மனமில்லை.

கதவு தட்டாமல் திறந்தது, ஆய்வாளர் தலையை மட்டும் நீட்டினார், உள்ளே வந்தால் சட்டை வியர்க்கும். "மேடம், ஆச்சா? அச்சகத்துல கேட்டுட்டே இருக்காங்க." அவள் எழுந்தாள், சொல்லத்தான் எழுந்தாள், சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க, இதைப் பாருங்க, இந்தக் காலிப் பையை வைக்கிறேன், எண்ணைப் பாருங்க... எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. "இன்னும் காயல சார்" என்றாள். "ரெண்டு நாளாச்சே?" "நெழல் புல்லு சார், தண்ணி ஜாஸ்தி." அவர் கடிகாரத்தைப் பார்த்தார், "அஞ்சு மணி, தாண்டிட வேணாம். போன வருஷ மாதிரியேதான வரும்? ரொம்ப மாறாதில்ல?" என்றார். அவள் தலையை ஆட்டினாள், எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அவருக்குத் தேவையான பக்கமாக அதை எடுத்துக்கொண்டு அவர் போனார். அவள் வாழ்க்கையில் இந்த அறைக்குள் நின்று சொன்ன முதல் பொய், அது எவ்வளவு வழுக்கலாக வந்தது, எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்ததுபோல. கிழிந்த பையைச் சுருட்டினாள், குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனாள், பிறகு விரித்து மேசையில் வைத்தாள். மஞ்சள் கட்டத்தில் பதினொன்றை அழித்து இருபத்துமூன்று என்று போட்டால் போதும், கீழே எல்லாம் தானாக மாறிவிடும், ஒரு விசை, ஐந்து வருடத்துப் பதிலும் இருபத்திரண்டாயிரம் பிரதியும் தராசக்காவும் சேர்ந்து மாறிவிடும். போடாமல் விட்டால்? விட்டால் யாருக்குத் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயாடி என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அது அச்சு அசல் அக்காவின் குரலாக இருந்ததில் அவளுக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது.

போன் அதிர்ந்தது. அக்கா. மணி நாலு இருபது. எடுக்காமல் விடலாம், காலையில் அவள் வைத்ததற்கு இது சரியாகப் போகும்... எடுத்தாள். திட்டட்டும், இந்தத் தடவை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அல்லது திட்டத் திட்டப் பதிலுக்குக் கத்திக்கொண்டே நடுவில் சொல்லிவிடலாம், ஆமாடி, தப்பு என்னோடதுதான், போதுமா என்று. அக்கா திட்டவில்லை. "சாப்டியா?" என்றாள். பிறகு, "காலைல ஏதோ ஆத்திரத்துல கத்திட்டேன், மனசுல வெச்சுக்காத. உங்க மாமா சொல்றாரு, அவ அளந்து பாக்காம ஒரு வார்த்த பேச மாட்டா, தப்பு நம்மகிட்டதான் எங்கயோ இருக்குதுன்னு. யோசிச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது. மரத்த வெட்டல. ரெண்டு மாட்ட மட்டும் குடுத்துடறோம், அஞ்சு மணிக்கு வண்டி வருது. ஒரு தடவ நீ வந்து பாத்து, நாங்க எங்க தப்பு பண்றோம்னு சொல்லிக் குடு, என்ன?"

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. வேறெதுவும் அதை முந்தவில்லை, வெட்கமோ, மாடோ, வண்டியோ எதுவும், அப்பாடா என்று தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின, அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் கோபத்தைத் தேடினாள், காலையிலிருந்து கூடவே இருந்தது, ஓவன் கதவைத் திறந்தது, பையைக் கிழித்தது, அது இருந்தால் வாய் தானாகத் திறந்துவிடும், வித்துராதடி என்று ஒரு கத்தல் கத்தினால் போதும், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லை. எங்கே தேடியும் இல்லை. கோபம் இல்லாமல் அக்காவிடம் ஒரு உண்மையை எப்படிச் சொல்வது, அப்படி எப்போதாவது சொல்லியிருக்கிறாளா, என்ன வார்த்தையில் அது ஆரம்பிக்கும்... "லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா. மாடு ஒன்று பின்னால் கத்தியது, அக்கா வாயைத் திருப்பி அதை அதட்டிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். "இருக்கேன்க்கா" என்றாள் இவள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டும், மணி நாலு இருபத்திரண்டு.